விட்டுப்போன வரி

“மேடம், ‘பிஸ்கட் குடுத்த பொம்பளை’ன்னு எல்லாம் எழுத வேணாம். ஏரியாவே கொதிச்சிடும். ‘விளையாடிட்டிருந்த புள்ளையைக் காணோம்’னு போட்டு சி.எஸ்.ஆர். தர்றேன். ராத்திரிக்குள்ள வந்துடுவான் பாருங்க.”

நிலையத்தில் புகார்களை எழுதும் காவலரான ரைட்டர் இதைச் சொன்னபோது மாலை ஆறரை மணி. சி.எஸ்.ஆர். என்பது புகாரைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு தரும் ரசீது, வழக்குப் பதிவு அல்ல. மகனைக் காணோம் என்று புகார் கொடுக்க வந்த ஒரு தாய்க்காகப் போயிருந்த வழக்கறிஞர் நான். மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண் பையனுக்கு பிஸ்கட் கொடுத்ததாக அவர் சொல்லியிருந்தார். “சரி, போடுங்க” என்றேன். 2019-இல் சொன்ன இந்த இரண்டு சொற்களை இன்றுவரை திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ரைட்டர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து போளூர் பக்கம் போன ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். வாட்ஸ்அப்பில் சுற்றிய பிள்ளை பிடிப்பவர் வதந்திதான் காரணம். அந்தச் சம்பவம் எல்லா நிலையங்களிலும் பேசப்பட்டது. பிஸ்கட், பெண், மஞ்சள் சேலை என்று ஒரு காகிதத்தில் எழுதினால் நாளைக்கு மஞ்சள் சேலையில் வரும் இன்னொருத்தி அடிபடுவாள் என்று அவர் பயந்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் சரி என்றேன். சோம்பலாலோ அலட்சியத்தாலோ அல்ல என்று எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தப் பயத்தை உரசிப் பார்த்தால் நிற்காது. முதல் தகவல் அறிக்கையை (எஃப்.ஐ.ஆர்.) 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2016 செப்டம்பரில். அதே தீர்ப்பு பதற்றமான வழக்குகளுக்கு விலக்கும் தந்தது. சி.எஸ்.ஆர். மனுவுக்கோ அந்தப் பேச்சே இல்லை. அது நிலையத்துப் பதிவேட்டில்தான் கிடக்கும். அந்த வரியை எழுதியிருந்தால் தெருவில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அன்று மாலை இது எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, அன்றைக்கு எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் கடத்தல் அல்லது ஆள் விற்பனை என்று அனுமானித்து முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2013 மே 10-இல். இளைஞர் நீதி மாதிரி விதிகளில் 2016-இலேயே 92-ஆவது விதியாக அது வந்துவிட்டது. பிறகு ஏன் சி.எஸ்.ஆர். ரசீதுக்குத் தலையாட்டினேன்? எஃப்.ஐ.ஆருக்காக உட்கார்ந்து வாதாடினால் இரண்டு மணி நேரம் போய்விடும், அந்த நேரத்தில் சென்ட்ரல், எழும்பூர், கோயம்பேடு மூன்றையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். போனோம். சென்ட்ரலில் ரயில்வே போலீஸ் கேட்ட முதல் கேள்வி, “எஃப்.ஐ.ஆர். நம்பர் என்னங்க?”

காணாமல் போகும் பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பி வந்துவிடுகிறார்கள். நிலையங்கள் தயங்குவதும் அதனால்தான். எஃப்.ஐ.ஆர். போட்டால் அசல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மறுநாள் பையன் சித்தி வீட்டிலிருந்து வந்து நின்றால் வழக்கைக் கைவிடும் ‘ஆக்‌ஷன் ட்ராப்’ அறிக்கை எழுத வேண்டும், புகார்தாரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ரசீதுக்கு இந்த வேலை எதுவும் இல்லை. அதே ரசீதுக்குச் சட்ட பலமும் இல்லை. குற்ற எண் இல்லாத கடிதத்துக்கு செல்போன் நிறுவனங்கள் அசையாது. பக்கத்து ஆணையரகத்துக்கு ஆள் அனுப்பக் காரணம் எழுத முடியாது. காணாமல் போன குழந்தைகளுக்காக அப்போதிருந்த ட்ராக்சைல்டு இணையதளத்தில் படமும் ஏறாது. வேறு மாநிலத்தில் யாராவது ஒரு குழந்தையைக் கண்டெடுத்தாலும் பொருத்திப் பார்க்க அங்கே எதுவும் இருக்காது.

மூன்றாம் நாள்தான் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். முதலில் ‘சிறுவன் காணவில்லை’. பிறகு அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் கடத்தலுக்கான 363-க்கு மாற்றினார்கள். அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆள் விற்பனைக்கான 370-ஐச் சேர்த்தால் ஜாமீன் எளிதில் கிடைக்காது, வழக்கும் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போகும். சேர்க்கவில்லை.

நேரம் வீணானது வேறோர் இடத்தில். எஃப்.ஐ.ஆர். வந்ததும் முதலில் அப்பாவின் செல்போன் அழைப்பு விவரத்தைத் தோண்டினார்கள். குடும்பத் தகராறாக இருக்கும் என்பது அவர்கள் ஊகம். அழைப்பு விவரத்தை நிறுவனங்கள் அப்போது ஓராண்டு வைத்திருக்க வேண்டும், 2021 டிசம்பருக்குப் பிறகு இரண்டாண்டு. அது காத்திருக்கும். காத்திருக்காதது, அம்மா பூ கட்டி விற்கும் நடைபாதைக்கு எதிரே இருந்த மருந்துக் கடையின் கேமரா. பில் மேசைக்கு அடியில், செருப்புகளுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவில், கேமராப் பதிவைச் சேமிக்கும், தூசி படிந்த ஒரு டி.வி.ஆர். பெட்டி. நாலு கேமரா, 1 டி.பி. ஹார்டு டிஸ்க். அந்த அளவுக்குப் பத்துப் பதினைந்து நாளில் பழையதன் மேலேயே புதியது பதிந்துவிடும். கடிகாரம் வேறு 40 நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

கேமராப் பதிவை எடுக்க ஒரு முறை இருக்கிறது. திரையில் தெரியும் நேரத்தையும் கையிலுள்ள போனின் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்துவிட வேண்டும். அந்த வித்தியாசத்தை, கைப்பற்றும்போது சாட்சிகள் முன் எழுதும் மகஜரில் குறிக்க வேண்டும். தேவையான நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்து நகல் எடுத்து, நகல் மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பைக் குறித்துக்கொண்டு, கடைக்காரரிடம் அன்றே மின்னணு நகலுக்கான சான்றிதழில் (அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தில் 65பி) கையெழுத்து வாங்க வேண்டும். முடிந்தால் ஹார்டு டிஸ்க்கையே கைப்பற்றிவிடுவது நல்லது. ஐந்தாம் நாள் வந்த காவலர் தன் போனை மானிட்டருக்கு நேராகப் பிடித்து 50 விநாடி படம் பிடித்தார். அதை இன்ஸ்பெக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவ்வளவுதான். அசல் அழிந்துபோனது. மின்னணு நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. எங்கள் வழக்கு விசாரணைக்கு வந்தபோது கையில் எஞ்சியிருந்தது மங்கலான அந்த 50 விநாடி மட்டும்.

பையன் ஒன்பதாம் நாள் கிடைத்தான். விசாரணையால் கிடைக்கவில்லை. ஆந்திராவில் ஒரு ரயில் நிலையத்தில் அவனைப் பக்கத்துப் பயணியிடம் விட்டுவிட்டு அந்தப் பெண் மறைந்திருக்கிறாள். அங்குள்ள குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். நாலு வயது. தமிழ் மட்டும்தான் தெரியும். ஊர் கேட்டால் “மணிக்கூண்டு” என்றானாம். சென்னையில் வேலை பார்த்திருந்த ஓர் ஊழியர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாலைந்து நிலையங்களுக்குப் போன் போட்டார். அவர் விடுப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

குழந்தை வந்துவிட்டான், பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தாயும் சில நேரம் அப்படித்தான் சொல்வார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வேறொரு திருட்டு வழக்கில் புழல் பெண்கள் சிறையில் இருந்த ஒருத்தியை ஒரு மாதம் கழித்து இந்த வழக்கில் சேர்த்தார்கள். அடையாள அணிவகுப்புக்கு முன்பே அவள் முகம் தொலைக்காட்சியில் வந்துவிட்டது. தாய் பூ விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொய்யாப்பழம் விற்கும் அம்மாதான் முக்கிய சாட்சி. அணிவகுப்பில் சரியாகக் காட்டினார். குறுக்கு விசாரணையில் “டி.வி.யில பார்த்தீங்களா?” என்றதற்கு “பார்த்தேன்” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. அணிவகுப்பு அதோடு செத்தது.

எஞ்சியது தாயின் சொல். “பிஸ்கட் கொடுத்த பெண்ணைப் பற்றி அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?” என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். “சொன்னேன்யா, அன்னிக்கே சொன்னேன்” என்றார் அவர். முதல் மனுவில் இல்லை, மூன்றாம் நாள் வந்த எஃப்.ஐ.ஆரில்தான் இருக்கிறது, யோசித்துப் பின்னால் சேர்த்தது என்று வாதம் போனது. மனுவை எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கியபோது பக்கத்தில் நின்றவள் நான். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவளுக்குப் போனது. நீதிபதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் முன் இருந்த காகிதத்தில் அந்தப் பெண் இல்லை.

நொய்டாவின் நிதாரியிலும் தொடக்கம் இதுதான். ஏழைக் குடும்பங்கள் பிள்ளையைக் காணோம் என்று வந்தபோது ஓடிப்போயிருக்கும் என்றார்கள். 2006 டிசம்பரில் கொல்லப்பட்ட பிள்ளைகளின் எலும்புகள் கிடைத்தன. 2023-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரணையின் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டிக் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. நம் ஊரில், 1990-களின் இறுதியில் நடைபாதைகளிலிருந்து தூக்கப்பட்ட குழந்தைகள் தத்துப்பிள்ளைகளாக நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது 2005-இல்தான் வெளியே வந்தது. தத்துக் கோப்புகளில் காகிதம் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அதே ஊர் நிலையங்களில் கிடந்த காணாமல் போனவர் பட்டியலோடு அதை யாரும் ஒப்பிடவில்லை.

இப்போது எனக்கு ஒரு வழக்கம். தாய் சொல்வதை அவர் சொல்லும் சொற்களிலேயே முதலில் நானே எழுதி, கைநாட்டு வாங்கி, நேரம் போட்டு, நிலையத்தில் ஒரு நகலுக்கு முத்திரை கேட்பேன். முத்திரை மறுத்தால் வெளியே வந்து துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும். பல நிலையங்களில் இது வேலை செய்கிறது. சிலவற்றில் இதனாலேயே கோபித்துக்கொண்டு ஒரு நாள் இழுத்தடித்ததும் உண்டு. ஆகவே இதுதான் சரியான வழி என்று அடித்துச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

போன மாதமும் ஒரு புகார். “பச்சைச் சுடிதார் போட்ட பொண்ணு, ரெண்டு நாளா வந்து பாத்துட்டே இருந்துச்சு” என்றார் பாட்டி. அந்த வரியை எழுதினேன். எழுதும்போது போளூர் நினைவுக்கு வந்தது, பேனா நின்றது. பச்சை என்ற சொல்லை விடலாமா என்று யோசித்தேன். விடவில்லை. குழந்தை அன்று இரவே பக்கத்துத் தெருவில் கிடைத்தது. அந்தப் பெண் அங்கே புதிதாகக் குடிவந்தவர், கடைக்குப் போகும்போது குழந்தையைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். அவர் வீட்டுக்கு இரண்டு காவலர் போய் ஒன்றரை மணி நேரம் விசாரித்திருக்கிறார்கள்.