நூலக டிவிடிகளை ஜோடி ஜோடியாகப் பார்த்த அனுபவம்

இந்த செமஸ்டர் முழுக்க, எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் ஊடகப் பிரிவிலிருந்து படங்களை ஜோடியாக எடுத்துவந்து பார்க்கிறேன். ஒரே இயக்குநர் இரண்டு முறை எடுத்த கதை, ஒரு படமும் அதிலிருந்து கிளைத்த இன்னொரு படமும், ஒரே படத்தின் பழைய பிரதியும் புதிய பிரதியும் என்று போகிறது. அமெரிக்காவுக்குப் படிக்க வந்த நம் பிள்ளைகள் பலர் பாடப்புத்தகத்துக்காக மட்டும்தான் நூலகம் பக்கம் போகிறார்கள். மாணவர் அட்டை இருந்தால் போதும், இந்த அலமாரியும் இலவசம்தான். ஓடிடியில் படம் கிடைத்துவிடும். ஆனால் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதும் கூடவே கிடைப்பது அபூர்வம். டிவிடி பெட்டிக்குள் அது தயாராக இருக்கிறது.

முதலில் எடுத்தது ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு. ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவின் தலைவர் ஒரு சின்ன ஊருக்கு வருகிறார். அங்கே அவருடைய பழைய காதலி இருக்கிறாள், வளர்ந்த மகனும் இருக்கிறான். மகனிடம் இவரை மாமா என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தக் கதையை ஓசு 1934இல் 'எ ஸ்டோரி ஆஃப் ஃப்ளோட்டிங் வீட்ஸ்' என்று மௌனப் படமாக எடுத்தார். 1959இல் 'ஃப்ளோட்டிங் வீட்ஸ்' என்று வண்ணத்தில் மறுபடியும் எடுத்தார். பழைய, உலகப் படங்களை டிவிடியாக்கும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் வெளியிட்ட பெட்டியில் இரண்டும் இருக்கின்றன.

இரண்டிலும் மழைக்காட்சி ஒன்று வருகிறது. தெருவின் இந்தப் பக்கத் தாழ்வாரத்தில் குழுத் தலைவர், எதிர்ப் பக்கத்தில் அவரோடு வாழும் நடிகை. நடுவில் கொட்டுகிற மழை. இருவரும் அங்கேயும் இங்கேயுமாக நடந்தபடி ஒருவரை ஒருவர் திட்டுகிறார்கள், ஆனால் யாரும் தெருவைக் கடப்பதில்லை. 1959 படத்தில் அவள் கையில் சிவப்புக் குடை. மற்ற எல்லாம் மங்கிக் கிடக்க, கண் அந்தச் சிவப்பின் பின்னாலேயே போகிறது. ஒளிப்பதிவு கசுவோ மியாகாவா, 'ராஷோமோன்' படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தவர். 1934இல் வண்ணமும் இல்லை, குரலும் இல்லை. அப்படியும் அந்தச் சண்டையின் வேகம் குறையவே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால்தான், ஓசு எதைக் கைவிட்டார், எதை இருபத்தைந்து வருடம் மனதில் வைத்திருந்தார் என்று பிடிபடுகிறது. எனக்கு 1934தான் ஒரு படி மேல். அப்பாவும் மகனும் ஆற்றில் நின்று ஒரே தாளத்தில் தூண்டிலை வீசும் காட்சி ஒன்றே போதும்.

அப்புறம் வர்ணனைத் தடம். மௌனப் படத்துக்கு ஜப்பானிய சினிமா பற்றி எழுதிய டொனால்ட் ரிச்சியும் வண்ணப் படத்துக்கு அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டும் படம் ஓட ஓடப் பேசுகிறார்கள். முதல் முறை பார்க்கும்போது அதைப் போடாதீர்கள். படம் உங்களுக்குள் ஒரு நாள் ஊறட்டும், பிறகு போட்டுக் கேளுங்கள்.

அடுத்து ஈரான். இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி கோகர் என்ற கிராமத்தை வைத்து எடுத்த படங்கள் மூன்று. ஜோடிக் கணக்கில் வராது, ஆனாலும் பிரிக்க மனம் வரவில்லை. 1987இல் வந்த 'வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்?' படத்தில், வகுப்புத் தோழனின் நோட்டைத் தெரியாமல் எடுத்துவந்த சிறுவன், அதைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்துக் கிராமத்துக்கு ஓடுகிறான். கதை அவ்வளவுதான். 1990 ஜூனில் அந்தப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1992இல் வந்த இரண்டாவது படத்தில், ஓர் இயக்குநர் தன் மகனோடு காரில் கிளம்பி, முதல் படத்தில் நடித்த பையன்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடிப் போகிறார். அதில் புதுமணத் தம்பதி வரும் சின்னக் காட்சி ஒன்று உண்டு. 1994இல் வந்த 'த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்', அந்தக் காட்சியைப் படம்பிடித்த கதையாக விரிகிறது. கணவனாக நடிப்பவன் மனைவியாக நடிப்பவளை நிஜமாகவே விரும்புகிறான். அவளோ வசனத்தில் அவன் பெயரோடு மரியாதைச் சொல்லைச் சேர்க்க மறுக்கிறாள். டேக் மேல் டேக் போகிறது. வரிசை மாற்றிப் பார்த்தால் இதில் பாதி சுவை போய்விடும். தயவுசெய்து 1987இலிருந்தே தொடங்குங்கள்.

சத்யஜித் ராயின் அபு படங்களில் வேறு மாதிரி செய்து பார்த்தேன். எங்கள் நூலகத்தில் பழைய டிவிடியும் இருக்கிறது, 2015இல் மீட்டெடுத்த புளூ-ரேயும் இருக்கிறது. 1993இல் லண்டன் லேப் ஒன்றில் பிடித்த தீயில் மூல நெகட்டிவ்கள் கருகிப்போயின. கருகியவற்றைத் தூக்கிப் போடாமல் ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகம் பத்திரப்படுத்தியது. பிறகு இத்தாலியின் பொலோனியாவில் நொறுங்கும் நிலையிலிருந்த சுருள்களை நெகிழவைத்து, கையால் ஒட்டி, ஸ்கேன் செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 சதவீதம் இப்படி மூல நெகட்டிவிலிருந்தே மீண்டது. இந்த வேலையைக் காட்டும் குறும்படம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, படத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். 'அபராஜிதோ'வில் காசி வீட்டு முற்றத்தைக் கவனியுங்கள். அது கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட். மேலே துணியைக் கட்டி, விளக்கை அதில் பட்டுத் திரும்பவிட்டு, வானத்து வெளிச்சம் போலவே ஆக்கியிருக்கிறார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. பழைய டிவிடியில் அந்த முற்றம் வெறும் சாம்பல் நிறம். புளூ-ரேயில் சுவரின் சொரசொரப்பு வரை தெரிகிறது.

கருவி விஷயம் கொஞ்சம். இப்போதைய லேப்டாப்களில் டிஸ்க் போடும் டிரைவ் பெரும்பாலும் இருப்பதில்லை, யுஎஸ்பியில் செருகுவதை வாங்கிக்கொள்ளுங்கள், சில நூலகங்கள் அதையும் இரவல் தருகின்றன. எடுக்கும் முன் பெட்டியின் பின்பக்கத்தில், எந்த நாட்டு டிரைவில் ஓடும் என்று சொல்லும் மண்டல எண்ணைப் பாருங்கள். அமெரிக்க டிவிடி 1, ஐரோப்பா 2, இந்தியா 5. டிரைவின் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதற்குப் பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். பால் (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறையில் வரும் டிவிடிகளில் நொடிக்கு 24 சட்டகம் உள்ள படத்தைப் பெரும்பாலும் 25ஆக ஓட்டுவார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். ஓசு போன்றவரின் படத்துக்கு இது பெரிய அநியாயம், இரண்டு பதிப்பும் இருந்தால் அமெரிக்கப் பதிப்பையே எடுங்கள்.

அடுத்த ஜோடியும் ஓசுதான்: 'லேட் ஸ்பிரிங்' (1949), அதே பெட்டியில் ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் 1985இல் எடுத்த 'டோக்கியோ-கா' ஆவணப்படம். ஓசுவின் கேமராமேன் யுஹாரு அட்சுதா அதில் தாழ்ந்த கேமரா ஸ்டாண்டையும் 50 மி.மீ. லென்ஸையும் பற்றி விளக்குகிறார் என்று தெரிந்ததிலிருந்து ஆவல் தாங்கவில்லை. பெட்டி இப்போது ஒரு வகுப்புக்காக ரிசர்வில் இருக்கிறது, வீட்டுக்குத் தரமாட்டார்கள். சரி, செமஸ்டர் முடிந்ததும் எடுப்பதற்குப் பெயர் கொடுத்து வைத்திருக்கிறேன்.