பாக்கி உண்டு

போன மாசம் உசிலம்பட்டி பக்கம் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. பைத்தான் என்ற கணினி மொழியைப் படிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆன தெனாவட்டில், "நோட்டெல்லாம் எதுக்கு, மொய் எழுத நானே புரோகிராம் போட்டுட்டேன்" என்று லேப்டாப்பும் குட்டி பிரிண்டருமாக மண்டப வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

பெயர், ஊர், தொகை, கடைசியில் பழைய பாக்கி. எங்கள் பக்கம் மொய் என்றால் பாதி பாசம், பாதி வட்டியில்லாக் கடன். நாம் செய்தது திரும்பி வந்ததா என்று பார்க்க வீட்டுக்கு வீடு பழைய நோட்டு உண்டு. திரும்பாதவர்களுக்கு 'பாக்கி உண்டு', மற்றவர்களுக்கு 'பாக்கி இல்லை' என்று சீட்டு வரும். அதை அச்சடித்து அவர்கள் கையிலேயே கொடுக்கலாமா என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை.

வீட்டில் சோதித்தபோது பாக்கி இடத்தில் சும்மா என்டரைத் தட்டினேன். 'பாக்கி இல்லை' என்று அழகாக வந்தது. மண்டபத்தில் பொறுப்பாக 0 அடித்தேன்.

முதல் நாலு பேர் சீட்டைப் பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பந்திக்கு ஓடிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் தாய்மாமன். மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்து இறக்கி, 25,001 ரூபாய் மொய்யும் செய்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகவே வாசித்தார். "பாக்கி உண்டு."

"மாப்ள, யாரு வச்ச பாக்கி? நானா?"

பதறிப்போய் 0-க்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஃபால்ஸ் என்றே அடித்தேன். அதற்கும் 'பாக்கி உண்டு'. பொய் என்று எழுதிக் கொடுத்தாலும் உண்மை என்கிறதே!

பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிக்கிற சித்தி மகள் ஐஸ்கிரீமோடு எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இன்புட்ல, அதாவது நீ தட்டுறதுல, வர்றது எல்லாமே ஸ்ட்ரிங், எழுத்துக் கோர்வை. நீ குடுத்தது சைபர் இல்ல, சைபர்னு எழுதுன எழுத்து." மேசையிலிருந்து ஒரு மொய்க் கவரை எடுத்தாள். "இதுக்குள்ள 'பணம் இல்ல'ன்னு துண்டுச்சீட்டு எழுதிப் போட்டா, கவர் காலியா? பாக்கி உண்டா இல்லையான்னு முடிவு பண்ற இஃப் அந்தச் சீட்டைப் படிக்காது. கவரைத் தடவிப் பாக்கும், உள்ள எது இருந்தாலும் ட்ரூ. வெறும் கவர்னாத்தான் ஃபால்ஸ்."

வீட்டில் நான் தட்டிய என்டர் வெறும் கவர்!

"எழுத்தை எண்ணா மாத்துற இன்ட்டுக்குள்ள போடு. அப்பத்தான் அது நிஜமான 0. அது ஃபால்ஸ்."

போட்டேன், சரியானது. அடுத்தவருக்குப் பழக்கதோஷத்தில் வெறும் என்டரைத் தட்ட, வெறும் கவரை எண்ணாக மாற்றத் தெரியாமல் புரோகிராம் எரர் காட்டிப் படுத்துவிட்டது. பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. லேப்டாப்பின் மேலேயே நாற்பது பக்க நோட்டை வைத்துவிட்டுப் போனார்.

தாய்மாமன் அந்தச் சீட்டைக் கிழிக்கவில்லை. நாலாக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"இருக்கட்டும் மாப்ள. உன் கல்யாணத்துல கழிச்சுக்கிறேன்."