விளக்கைப் போட்டால் பேட்டரி ஏறிய கார்

பல வருடம் நின்றுபோன பழைய காரை வாங்கியதும் முதல் நாள் செய்யக் கூடாத ஒரே காரியம், ஸ்டார்ட் செய்து பார்ப்பது. எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் கை பரபரத்தது.

மிச்சிகனில் எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் ஒரு பண்ணை. கணவர் இறந்தபின் அந்த வீட்டு அம்மா கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தார். உள்ளே 1930ஆம் வருடத்து ஃபோர்டு மாடல் ஏ, டூடர் செடான். (‘டூ டோர்’, அதாவது இரண்டு கதவு என்பதைத்தான் ஃபோர்டுக்காரர்கள் அப்படி எழுதினார்கள். இங்கிலாந்தின் டூடர் ராஜவம்சம் என்று நினைத்து நான் கொஞ்ச நாள் ஏமாந்திருக்கிறேன்.) பதினெட்டு வருடமாக ஓடவில்லை. கதவுப் பிடியைச் சுற்றி, கை பட்டுப் பட்டுப் பெயிண்ட் தேய்ந்து தகரம் மின்னியது. பின் சீட்டில் எலி கடித்த ஓர் ஓட்டை. மற்றதெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே.

மாடல் ஏ அபூர்வமான வண்டி இல்லை. 1927 கடைசியிலிருந்து 1932 தொடக்கத்துக்குள் 48 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். பளபளவென்று புதுப்பித்த மாடல் ஏ இந்தப் பக்கம் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். யாரும் கைவைக்காத ஒன்று கிடைப்பதுதான் கஷ்டம். அதனால் ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டேன்: வண்டியை ஓட வைப்பேன், அழகுபடுத்த மாட்டேன்.

நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு வாரம் அப்படியே விட்டேன். அப்புறம் முன்பக்கத்தில், எஞ்சினைக் கையால் சுற்றும் கம்பியான கிராங்கைச் செருகி மெல்ல அழுத்தினேன். அசைந்தது! எஞ்சின் இறுகிப்போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றினேன். இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டரே கிடையாது. அத்தனை வருட அழுக்கும் அல்வா பதத்தில் கறுப்பாகப் படிந்திருந்தது. கரண்டியால் வழித்தெடுத்தேன். கரண்டி வீட்டுச் சமையலறையுடையது என்பது என் மனைவிக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெட்ரோல் டேங்க்தான் பெரிய தலைவலி. மாடல் ஏயில் அது பின்னால் இல்லை. முன் கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுபவரின் முழங்காலுக்கு நேர் எதிரே இருக்கிறது. பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகவே கார்புரேட்டருக்கு இறங்கும். டேங்கில் உள்ள துருவும் கூடவே இறங்கும். குழாயைத் திறந்தால் வார்னிஷ் வாசனையோடு பழுப்பாக ஏதோ சொட்டியது. கழற்றிச் சுத்தம் செய்வதுதான் முறை என்றார்கள் தெரிந்தவர்கள். ஆனால் அந்த டேங்கின் மேல்பக்கமே வண்டியின் உடம்பு; கழற்றினால் ஓரங்களில் பெயிண்ட் உதிரும். கழற்றாமலே அலசி அலசி ஊற்றினேன். அது முடியும்வரை, புல் வெட்டும் மெஷினின் சின்ன டேங்க் ஒன்றை உயரத்தில் தொங்கவிட்டு, அதிலிருந்து பெட்ரோல் கொடுத்தேன்.

அடுத்தது என் சொந்த முட்டாள்தனம். ஆறு வோல்ட் பேட்டரி வாங்கி மாட்டி, ஸ்டியரிங் நடுவில் இருக்கும் சுவிட்சைத் திருப்பி விளக்கைப் போட்டேன். விளக்கு எரிந்தது. ஆனால் டாஷ்போர்டில் இருந்த ஆம்மீட்டர் முள், பேட்டரி சார்ஜ் ஏறுகிறது என்று காட்டியது. விளக்கு எரிந்தால் பேட்டரி நிரம்புகிறதாம்! எடிசனுக்கே தோன்றாத கண்டுபிடிப்பு. பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, போக வேண்டும். இன்றைய கார் பழக்கத்தில் நான் நெகட்டிவை மாட்டியிருந்தேன். அப்படியே எஞ்சினை ஓட்டியிருந்தால் டைனமோ பக்கம் ஏதாவது கருகியிருக்கும். இன்னொன்று, ஆறு வோல்ட் வண்டிக்கு இன்றைய காரின் மெல்லிய பேட்டரி கேபிள் போதாது. தடிமனாக வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டே சுற்றும்.

ஸ்டார்ட் செய்வது ஒரு சின்ன பூஜை மாதிரி. பெட்ரோல் குழாயைத் திற. ஸ்டியரிங்கின் இடதுபக்க நெம்பை முழுக்க மேலே தள்ளு. அது பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். வலதுபக்கத்தை இரண்டு மூன்று பல் கீழே இழு, அது ஆக்ஸிலேட்டர். சாவியைத் திருப்பி, சோக்கை இழுத்துக்கொண்டு, தரையில் உள்ள பொத்தானைக் காலால் மிதி. ஓடத் தொடங்கியதும் இடது நெம்பைக் கீழே கொண்டு வா. கையால் கிராங்க் சுற்றுபவர்கள் அந்த நெம்பை மறந்தால் கிராங்க் எதிர்த்து உதைக்கும், மணிக்கட்டு முறியும். கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

நான்காவது முயற்சியில் இருமியது. ஐந்தாவதில் பிடித்துக்கொண்டது. நாற்பது குதிரைசக்திதான், ஆனால் ஷெட் முழுக்க அதிர்ந்தது.

ஓட்டுவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. கியர் மாற்றும்போது கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும், இல்லையென்றால் பல்லும் பல்லும் கடிக்கும். பிரேக் முழுக்கக் கம்பிகளால் இயங்குவது, ஆகவே நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் முன்கூட்டியே வர வேண்டும்.

பதிவு செய்யப் போனபோது கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “எண் முழுசா இல்லையே, பதினேழு இலக்கம் வேண்டும்.” அந்தப் பதினேழு இலக்க முறை 1981இல்தான் வந்தது. மாடல் ஏக்கு எஞ்சின் எண்தான் வண்டி எண். எஞ்சினின் இடதுபக்கம் பொறித்திருக்கும். அதே எண் சேஸிஸிலும் உண்டு, ஆனால் உடம்புக்கு அடியில் ஒளிந்திருப்பதால் மேலே உள்ளதைத் தூக்காமல் பார்க்க முடியாது. வாங்குவதற்கு முன்பே உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் எஞ்சினில் உள்ளதும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்துவிடுங்கள். நான் பார்த்திருந்தேன், புகைப்படமும் கையில் இருந்தது. இன்னொருவரைக் கூப்பிட்டார்கள், அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. சரி, தப்பித்தேன்.

எனக்குக் கிடைத்தது பழங்கால வண்டிகளுக்கான நம்பர் பிளேட். அதை மாட்டினால் கார் கண்காட்சி, ஊர்வலம், கிளப் சுற்றுலா இவற்றுக்குத்தான் சாலையில் இறங்கலாம், சும்மா சுற்ற முடியாது. ஆனால் மிச்சிகன் சட்டம் ஒரு சலுகை வைத்திருக்கிறது: ஆகஸ்ட் மாதம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம்.

ஆகஸ்ட் முதல் தேதி காலை ஆறரை மணிக்குப் பால் வாங்கக் கிளம்பினேன். ஃப்ரிட்ஜில் இரண்டு கேலன் பால் இருந்தது.