சோழகத்துக்கு எதிரே

"பிளேன் ரிக்கெற் காசை அப்பிடியே அனுப்பியிருந்தால் இன்னும் எத்தினை சைக்கிள் வாங்கியிருக்கலாம்?" வன்னிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க, லண்டனில் இருந்து போய்ச் சைக்கிள் ஓடிக் காசு சேர்த்த எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் இந்தக் கேள்வி எழாமல் போனதில்லை. கேட்பவர் எனக்கு மேல்வகுப்பில் படித்த அண்ணர் ஒருவர். அவர் கேட்பது பிழை என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. ஆனால் அவர் கணக்கில் ஒன்று விடுபட்டுப் போகிறது. முல்லைத்தீவு எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாத என்னோடு கந்தோரில் வேலை செய்யும் வெள்ளைக்காரர்கள், "நீ ஓடும் கிலோமீற்றருக்கு இவ்வளவு" என்று எழுதித் தந்த காசு, நான் சும்மா வீட்டில் இருந்து கேட்டிருந்தால் வந்திராது. ரிக்கெற், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவரவர் பொக்கற்றில் இருந்து. சேர்ந்த காசில் ஒரு சதமும் தொடக்கூடாது என்பது முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்த விதி.

வன்னியில் பள்ளிக்கூடத்துக்கு நெடுந்தூரம் நடக்கிற பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுப்பதற்காக 2015 ஆகஸ்டில் ஓடினோம். வவுனியாவில் தொடங்கி ஏ9 வழியே மாங்குளம். அங்கிருந்து கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு. பிறகு வட்டுவாகல், புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியாகப் பரந்தன். ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம்.

எங்கள் வகுப்புக்குச் சைக்கிள் புதிதல்ல. 1990க்குப் பிறகு பெற்றோல் இல்லாத குடாநாட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். பள்ளிக்கூடம், ரியூசன், ஆஸ்பத்திரி, செத்தவீடு எல்லாம் சைக்கிளில்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டதும் அதில்தான். ஆனால் லண்டனில் இருந்து பெட்டிகட்டிக் கொண்டுவந்த, ஒரு விரலில் தூக்கக்கூடிய காபன் சைக்கிளில் குந்தியதும் அந்தப் பழைய கால்கள் திரும்பி வரவில்லை. ஊரில் இருந்து சேர்ந்துகொண்ட எங்கள் வகுப்பு மச்சான்மார் உள்ளூர் லுமாலாச் சைக்கிளில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கதைத்துக் கதைத்து எங்களைக் கடந்து போனார்கள்.

மாங்குளம் வரை சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. விடிய முன் வெளிக்கிட்டோம், தெற்கே இருந்து வந்த சோழகக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது, எல்லாரும் தங்களைப் பெரிய ஓட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டோம். ஒட்டுசுட்டான் பாதையிலும் காற்று பக்கவாட்டில் பின்னுக்கு இருந்தே வந்தது. இரண்டு பக்கமும் காடு, அதற்குள் நிழலுமிருந்தது.

வட்டுவாகல் பாலம் ஒடுக்கமானது, பழையது. நந்திக்கடலுக்கு மேலால் போகிறது. 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், சனம் சனமாக நடந்து வெளியேறிய பாதை. எங்களோடு ஓடிய ஒருவர் அதன் தொடக்கத்திலேயே இறங்கிச் சைக்கிளை உருட்டத் தொடங்கினார். நாங்களும் இறங்கினோம். அக்கரை போய்ச் சேரும் வரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படம் எடுக்கவென்று போனை வெளியே எடுத்த பெடியன் ஒருவன் அதைத் திரும்பப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

அதற்குப் பிறகுதான் சோழகம் தன் முகத்தைக் காட்டியது. முல்லைத்தீவில் இருந்து பரந்தன் ஏறத்தாழ 50 கிலோமீற்றர், பெரும்பாலும் மேற்கு நோக்கிய ஓட்டம். ஆகஸ்டில் காற்று தென்மேற்கு. ஏற்றம் என்றால் ஓர் உச்சி இருக்கும், அதைத் தாண்டினால் இறக்கம் வரும். காற்றுக்கு அப்படி ஒரு முடிவில்லை. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்று எங்கள் வகுப்பின் பௌதிகப் புலி மூச்சிரைக்க விளக்கினான்; "வாயை மூடிக்கொண்டு மிதி மச்சான்" என்று பின்னால் இருந்து பதில் வந்தது. ஆனாலும், முன்னுக்குப் போகிறவர் பின்னால் வருகிறவருக்குக் காற்றை மறைப்பார் என்று அவன் சொன்னபடிதான் செய்தோம். ஒற்றை வரிசை. முன்சில்லுக்கும் முன்னால் போகிறவரின் பின்சில்லுக்கும் இடையில் ஒரு முழம். முதலாவது ஆள் காற்றை நெஞ்சில் வாங்குவார். களைத்ததும் ஓரத்தால் விலகி வாலுக்குப் போவார். அடுத்தவர் முன்னுக்கு வருவார். வாலில் எப்போதும் ஓட்டம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், ஏனென்றால் வரிசை அறுவது அங்கேதான். முன்னுக்கு நிற்கிறவர் வீரம் காட்டி வேகம் கூட்டினால் பின்னால் மூன்று பேர் கழன்றுவிடுவார்கள். லண்டனில் பிறந்த பெடியங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஆனையிறவில் வேறு கூத்து. கடல்நீரேரிக்கு நடுவே மறைப்பே இல்லாத தாம்போதிப் பாதை, காற்று இடப்பக்கத்தால் அடித்தது. அப்படி வரும்போது ஒருவருக்கு ஒருவர் வலப்பக்கம் சரிந்து சாய்வரிசையாக ஓடினால்தான் மறைப்புக் கிடைக்கும். ஏ9இல் வலப்பக்கம் என்றால் லொறிக்குக் கீழே. ஆகவே ஒற்றை வரிசையில், ஆளுக்காள் சரிக்குச் சரி காற்று வாங்கிக்கொண்டு உப்பளத்தைக் கடந்தோம். முகமாலைப் பக்கம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் இன்னும் நின்றன. தார் றோட்டை விட்டு இறங்கக் கூடாது என்பது கடும் உத்தரவு. நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பதும் அதே ஆளின் உத்தரவு. இரண்டையும் ஒன்றாகக் கடைப்பிடித்தவர்களின் அவதியை இந்தச் சங்க மலரில் எழுதுவது அழகில்லை.

சைக்கிள் வாங்கும் விஷயத்திலும் பெரிய சண்டை நடந்தது. கியர் வைத்த பழைய சைக்கிள்களை இங்கே லண்டனில் சேர்த்துக் கொண்டெய்னரில் அனுப்பலாம் என்பது ஒரு கட்சி. விசுவமடுவில் நாங்கள் ஒட்டுப் போட நின்ற சைக்கிள் கடை ஐயா அந்த வழக்கை முடித்துவைத்தார். என் சைக்கிளின் பின்பக்கக் கியரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வடிவான சாமான்தான் தம்பி. இது உடைஞ்சால் பிள்ளை திரும்ப நடக்க வேண்டியதுதான்." நெருஞ்சியும் விடத்தலும் வாரத்துக்கு ஒரு ரியூப்பைத் தின்னும் ஊரில், எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கிற கியரில்லாத ஒற்றைப் பல்லுச் சைக்கிளே போதும் என்றார். பாரில்லாத பெண்கள் சைக்கிளாக எடுங்கள் என்பதும் அவர் யோசனை: சீருடையோடு பெட்டை ஏறலாம், தம்பிக்காரனும் ஓடலாம், பின்னேரம் தாய் அதிலேயே தோட்டத்துக்குப் போகலாம். அப்படியே செய்தோம். பள்ளிக்கு ஒரு பம்பும், ஒட்டுப் போடும் சாமான்களும் சேர்த்துக் கொடுத்தோம். என்னைக் கேட்டால், அந்தப் பம்புதான் எங்கள் காசில் ஆகக் கூடிய பலன் தந்த செலவு.

அடுத்த ஓட்டத்துக்குப் பேச்சு தொடங்கிவிட்டது. இம்முறை பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்கு, காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஓடுவோம் என்கிறேன் நான். லேசாக ஓடினால் கிலோமீற்றருக்குக் காசு தருகிறவர்கள் குறைத்துத் தருவார்கள் என்கிறான் பௌதிகப் புலி. மேல்வகுப்பு அண்ணர் இரண்டுக்கும் உடன்படவில்லை. ஆனால் போனமாதம் அவர் ஒரு சைக்கிள் வாங்கியிருப்பதாகக் கேள்வி.