முறிந்த ஸ்டட்டும் ஒரு நட்டும்

காலையில் லாரியை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம், சூடேறியதும் காணவில்லை என்றால் உடனே டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் மேனிஃபோல்டும், சிலிண்டர்களுக்கு மூடியான ஹெட்டும் சேரும் இடத்தில் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். எங்கள் வண்டியில் கடைசி சிலிண்டர் பக்கம் ஸ்டட் (மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடிக்கும் மரைக் கம்பி) முறிந்து, மேனிஃபோல்டிலும் விரிசல். வார்ப்பிரும்பு சூட்டில் நீண்டு, ஆறும்போது சுருங்கும். அந்த இழுபறி இரண்டு ஓரங்களில்தான் அதிகம். டர்போவைச் சுழற்றி இன்ஜினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ள வேண்டிய புகை வழியிலேயே கசிவதால் மேட்டில் இழுவையும் போச்சு.

புது மேனிஃபோல்டை மாட்டுவது பெரிய விஷயமே இல்லை. ஹெட்டுக்குள் துருவேறி நிற்கும் ஸ்டட் துண்டை எடுப்பதுதான் வேலை. மெக்கானிக் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். மறுநாள் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாக வெல்டிங் அடித்து, சூடு சற்றுத் தணிந்ததும் முன்னும் பின்னுமாக மெல்லத் திருகினார். கிறீச்சென்று வந்துவிட்டது!

துண்டில் துளை போட்டு, உள்ளே செருகித் திருகி எடுக்கும் ஈஸி அவுட் போடலாமே என்று கேட்டேன். "அது உள்ள ஒடிஞ்சா சாதா டிரில்லு ஏறாதுண்ணே. அப்புறம் ஹெட்டையே கழட்டணும்" என்றார். சரிதான்.

புது ஸ்டட், இடையில் கசிவைத் தடுக்கும் புது கேஸ்கட், மரையில் செம்பு கிரீஸ். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு முறுக்கினார். ஒரு லோடு அடித்து இன்ஜின் ஆறியபின் மறுபடி டைட் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்.