பின்கட்டுக் கீரையும் மீன் வாடையும்: உறையூர் நாட்குறிப்பு

செப்டம்பர் 4, 2025, வியாழன்

மூன்றாவது ரேக்கும் வந்து நின்றாயிற்று. பின்கட்டில் ஒரு காலத்தில் நெல் மூட்டை அடுக்கிய அறை. ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரை முறைத்துக்கொண்டு நிற்கும். "வெயிலே வராத ரூம்ல கீரை வளக்கப் போறாளாம்" என்று அத்தை திண்ணையில் சொல்லிச் சிரித்தது எனக்கும் கேட்டது. மைக்ரோகிரீன் என்றால் அவருக்குப் புரியாது. கீரைக்குஞ்சு என்று சொல்லிவைத்திருக்கிறேன். விதைத்து எட்டுப் பத்து நாளில், இலை இரண்டு விரிந்ததும் அறுத்துவிட வேண்டும். தில்லை நகரில் இரண்டு ஜிம்காரர்களும் ஒரு ஹோட்டலும் வாரம் தவறாமல் கேட்கிறார்கள்.

ரேக்குக்கு நான்கு தட்டு, தட்டுக்கு இரண்டு 20 வாட் எல்.இ.டி. டியூப். ஆக 24 டியூப், 480 வாட். வீட்டு அயர்ன் பாக்ஸே 750 வாட். பிறகென்ன பயம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷத்தோடு சரி, இது தினம் 14 மணி நேரம். ஒரு நாளைக்கு 6.7 யூனிட். ஈ.பி.யில் இரண்டு மாதத்துக்குத் தரும் 100 இலவச யூனிட்டை இந்த ரேக்குகள் மட்டுமே பதினைந்தே நாளில் தின்று தீர்த்துவிடும்.

முதலில் ஆன்லைனில் ஒரு விளக்கு வாங்கியிருந்தேன். பெட்டியில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மீட்டரில் மாட்டிப் பார்த்தால் 98. நல்லவேளை, பொய் சொன்னார்கள். நிஜமாகவே ஆயிரம் என்றால் இந்த வீடு தாங்கியிருக்காது.

செப்டம்பர் 9, செவ்வாய்

தண்ணீர் தெளித்த கையோடு ரேக்கைப் பிடித்தேன். சுருக்கென்றது. ஷாக் என்று சொல்ல முடியாது, எறும்பு கடித்த மாதிரி. செருப்பு போட்டுக்கொண்டு தொட்டால் ஒன்றுமில்லை. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது.

ஈரத்தால் இருக்கும் என்று இவர் சொல்கிறார். ரப்பர் பாய் போடச் சொன்னார். போட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

கடுகு மூன்று டிரேயும் அழுகிப்போயிற்று. அறைக்குள் 34 டிகிரி, காற்றோட்டம் கிடையாது, தண்டு தரையோடு கருகிச் சாய்கிறது. சுவரில் மூன்று ஃபேன் மாட்டினேன், தலா 50 வாட். அப்படியும் சூடு அடங்கவில்லை. மாடியில் சும்மா கிடந்த ஒரு டன் ஏ.சி.யை இறக்கி இங்கே மாட்டியாகிவிட்டது. சுவரில் ஏற்கெனவே ஒரு 15 ஆம்பியர் பவர் பிளக் இருந்தது எவ்வளவு வசதி! அதிலேயே ஏ.சி., அதிலிருந்தே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ரேக்குகள்.

முள்ளங்கி மட்டும் ஜோராக வருகிறது.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. வீடு கழுவி, தளிகை போட்டு, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த நேரம். அத்தை மூக்கை உறிஞ்சினார். "யாருடி இந்த வீட்ல மீன் வறுக்கறது?"

எனக்கும் அடித்தது அந்த வாடை. புரட்டாசி பிறந்ததிலிருந்து வீட்டில் முட்டைகூடக் கிடையாது. பக்கத்து வீட்டிலும் விரதம்தான். வாடையைப் பிடித்துக்கொண்டே போனால் பின்கட்டு. அறைக்குள் நுழைந்ததும் பளிச்சென்று அடித்தது, கருவாடும் எரிந்த பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி. பவர் பிளக்கின் முகப்பு தேநீர்க் கறை படிந்ததுபோல் பழுப்பாக இருந்தது. அதன் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல்.

மெயினை அணைத்துவிட்டுத்தான் பிளக்கை இழுத்தேன். ஒரு பின் நீலம் பாரித்திருந்தது.

சாக்கெட், சுவிட்ச் செய்யும் சில வகைப் பிளாஸ்டிக் சூடேறும்போது இப்படித்தான் மீன் வாடை அடிக்குமாம். இரவு படித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டில் காரணமே இல்லாமல் மீன் நாற்றம் வந்தால் அடுப்படிக்குப் போகாதீர்கள், ஸ்விட்ச் போர்டைப் போய்ப் பாருங்கள். புரட்டாசி இல்லாமல் வேறு மாதமாக இருந்திருந்தால் நாங்கள் யாரும் மூக்கைத் தூக்கியிருக்க மாட்டோம்.

டிரேக்களை எல்லாம் முற்றத்து ஓரத்துக்கு மாற்றினோம். பாதி பிழைத்தால் பெரிது.

செப்டம்பர் 22, திங்கள்

மாமனார் காலத்திலிருந்து வரும் எலக்ட்ரீசியன் அண்ணன் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். இந்த வீட்டுக்கு 1974-இல் வயரிங் செய்தபோது கூடமாட ஆணி எடுத்துக் கொடுத்தவர். உள்ளே வந்ததும் பிளக்கைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, தேக்குக் கட்டையில் கிளிப் அடித்து ஓடும் பழைய வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"ஏம்மா, இது லைட் லைனும்மா. இதுல யாரு பவர் பிளக் வச்சது?"

"பெரியவன் கல்யாணத்துக்கு வச்சது. கிரைண்டர் போட எடம் இல்லைன்னு" என்றார் அத்தை. ஆகிவிட்டது முப்பது வருஷம்.

"ஓட்டையப் பெருசாக்கினா வயரு பெருசாயிடுமாக்கா?"

விஷயம் இவ்வளவுதான். பெரிய சாக்கெட் இருந்தால் பின்னால் பெரிய வயர் இருக்கும் என்று நான் நம்பிவிட்டேன். சாக்கெட் 15 ஆம்பியர், அதற்குச் சோறு போடுவது இரண்டு பல்புக்காக இழுத்த வயர்.

சாக்கெட்டுக்குப் பின்னால் இருந்த வட்ட மரப்பலகையைத் திருகிக் கழற்றினார். உள்ளே ஒரு முடிச்சு. கட்டையில் வரும் வயர் அலுமினியம், அந்தக் காலத்தில் செம்பு அரிது. கல்யாணத்துக்கு வந்தவர் அதோடு ஒரு செம்பு வயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார். டேப்பை அண்ணன் நகத்தால் தொட்டார், கருகின அப்பளம் மாதிரி உதிர்ந்தது. உள்ளே முறுக்கின இடத்தில் திருநீறு பூசினதுபோல் வெள்ளைப் பொடி. அலுமினியம் காற்றுப்பட்டால் மேலே ஒரு படலம் கட்டும், அது கரண்டை விடாது. போதாததற்குச் செம்பு ஒரு அளவில் விரியும், அலுமினியம் அதைவிட அதிகமாக விரியும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒவ்வொரு தடவையும் முறுக்கு கொஞ்சம் தளரும். தளர்ந்தால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் தளரும்.

"கிரைண்டர் அரை மணி ஓடும், நின்னுடும். இது ஆறிக்கும். நீ பதினாலு மணி நேரம் ஓட்டற. ஆற விடலியே."

செப்டம்பர் 23, செவ்வாய்

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். டியூப் 480, ஃபேன் 150, ஏ.சி. ஏறக்குறைய 1100. மொத்தம் 1730 வாட். 230 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர். அந்த வயர்கூட ஒருவேளை இதைத் தாங்கியிருக்கும். முடிச்சுதான் தாங்கவில்லை. அந்த முடிச்சின் தடை அரை ஓம்தான் என்று வைத்துக்கொள்வோம். சூடு என்பது கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது: ஏழரையை ஏழரையால் பெருக்கி அதில் பாதி, 28 வாட். ரேடியோ ரிப்பேர் செய்யும் சால்டரிங் அயர்ன் 25 வாட். ஆக, காய்ந்த தேக்குக் கட்டைக்குள் ஒரு சால்டரிங் அயர்னைச் செருகி வைத்துவிட்டு நான் முள்ளங்கிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரேக் மட்டும் ஓடியிருந்தால் 2 ஆம்பியர் சொச்சம். அதே முடிச்சில் 2 வாட்தான் சூடு. கரண்ட் மூன்றரை மடங்கு கூடினால் சூடு பன்னிரண்டு மடங்கு கூடுகிறது. இந்த ஒரு வரியைப் பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

ஃபியூஸ் ஏன் போகவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. அண்ணன் பீங்கான் கேரியரைப் பிடுங்கிக் காட்டியிருந்தார். 5 ஆம்பியர் ஃபியூஸ் வயர் தலைமுடியைவிடச் சற்றுத்தான் தடிமன். எங்கள் வீட்டுக் கேரியரில் செம்பு இழை நான்கைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தது. யார் கட்டியது என்று கேட்டேன். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒழுங்கான ஃபியூஸ் இருந்திருந்தாலும் கதை முழுக்க மாறியிருக்காது. முடிச்சு சூடாவதால் கரண்ட் கூடுவதில்லை. ஏழரை ஏழரையாகவேதான் ஓடும். கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சான எம்.சி.பி.யை 10 ஆம்பியரில் போட்டிருந்தாலும் அது பேசாமல்தான் இருந்திருக்கும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மீட்டர் போர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம், வழக்கம்தான். இந்த வருஷம் அத்தை எரிந்த சாக்கெட்டையும் எடுத்து வந்து ஸ்க்ரூ டிரைவர் பக்கத்தில் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இரண்டு நாளாக வேலை. பழைய லைனில் கை வைக்காமல், மெயினிலிருந்தே புது லைன். ஏ.சி.க்குத் தனியாக 4 சதுர மி.மீ. செம்பு, 20 ஆம்பியர் எம்.சி.பி. ரேக்குகளுக்கு 2.5, 10 ஆம்பியர் எம்.சி.பி. "ஏன் இதுக்கு 1.5 பத்தாதா?" என்றேன். பத்தும், ஆனால் நாள் முழுக்க ஓடுகிற லைனில் இழுத்துப் பிடிக்கக்கூடாது என்றார். சுவர் சுண்ணாம்புக் காரை. உளி வைத்த இடத்தில் பொலபொலவென்று ஒரு கூடை கொட்டியது. அதோடு வெட்டுவதை நிறுத்திவிட்டு மேலோடு பி.வி.சி. கேசிங் ஓட்டிவிட்டோம். அழகு போயிற்று என்று இவருக்கு வருத்தம்.

எர்த்துக்குக் கிணற்றடியில் குழி. இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றி. அப்போதுதான் அந்தச் சுருக் விஷயமும் வெளிச்சத்துக்கு வந்தது. பழைய மூன்று பின் சாக்கெட்டில் எர்த் துளை மட்டும்தான் இருந்தது, பின்னால் வயரே இல்லை. டியூப்புக்குள் எல்.இ.டி.க்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட்டில் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வழியாக இம்மியளவு கரண்ட் உலோக உடம்புக்குக் கசியும். அது போக வழியில்லாமல் ரேக்கிலேயே நின்றிருக்கிறது. மீட்டர் வைத்தால் 110 வோல்ட் காட்டியது. எர்த் கொடுத்ததும் பூஜ்யம். நான் ஒரு மாதமாக ரப்பர் பாய் போட்டு மருத்துவம் பார்த்திருக்கிறேன்.

ரேக் லைனுக்கும் அடுப்படி லைனுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., கரண்ட் வெளியே கசிந்தால் உடனே விழுந்து லைனை அணைக்கும் பெட்டி. அடுப்படி பத்து வருஷத்துக்கு முன்னால் புது வயர் போட்டது. மீதி வீட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, வயரின் மேலுறை கரண்டைக் கசியவிடாமல் காக்கிறதா என்று அளக்கும் மெக்கரை வைத்துக் காட்டினார். கூடத்து லைன் ஒரு மெகா ஓமைக்கூடத் தொடவில்லை, அவ்வளவு கசிவு. "இத இதுல சேத்தா தெனம் விழும். விழுதுன்னு யாராச்சும் பிடுங்கிப் போடுவாங்க. மொதல்ல கூடத்த மாத்து, அப்பறம் சேக்கலாம்." தை மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். செலவு இதற்கே 18,000-ஐத் தொட்டுவிட்டது.

அக்டோபர் 13, திங்கள்

சில்லறை விஷயங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடந்தது, இப்போது ரேக்குக்கு வெளியே இடுப்பு உயரத்தில், சுவரில் சாக்கெட். டிரேயிலிருந்து சொட்டும் தண்ணீர் வயர் வழியாக வழிந்து பிளக்குக்குள் போகாமல், வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றியிருக்கிறோம். தண்ணீர் தொங்கலிலேயே சொட்டிவிடும். டைமர் ரேக்குக்கு ஒன்று, ஐந்து ஐந்து நிமிஷம் தள்ளி. 24 டியூப்பும் ஒரே நொடியில் எரிந்தால் அந்தக் கணத்தில் பாயும் கரண்ட் பல மடங்கு. அந்தப் பாய்ச்சலில் டைமருக்குள் இருக்கும் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் விளக்கு அணையவே அணையாது.

ராத்திரியில் ஓட்டினால் குளிர்ச்சி, ஏ.சி. தேவைப்படாது என்பது என் கட்சி. வீடே தூங்கும்போது ஓட்டாதே என்பது அண்ணன் கட்சி. இப்போதைக்கு அவர் சொன்னபடி காலை 5 முதல் இரவு 7 வரை. வெயில் காலத்தில் கடுகை விட்டுவிட்டுச் சிவப்புத் தண்டுக்கீரை போடப்போகிறேன், அதற்குச் சூடு பிடிக்கும்.

ஈ.பி. கார்டில் எங்கள் லோடு ஒரு கிலோவாட் என்று இருப்பது இத்தனை நாள் கண்ணில் படவேயில்லை. மூன்றாகக் கூட்டித்தரச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 23, வியாழன்

நேற்றிலிருந்து விடாத மழை. காலையில் ஐந்தரைக்கு டப்பென்று ஆர்.சி.சி.பி. விழுந்தது. தூக்கினேன், நின்றது. பத்து நிமிஷத்தில் மறுபடி. ரேக்தான், சுவர் ஓதமடித்துவிட்டது, போச்சு 18,000 என்று நினைத்தேன். மூன்று ரேக்கையும் பிடுங்கிவிட்டுத் தூக்கினேன். விழுந்தது. அப்படியானால் ரேக் இல்லை. அடுப்படியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்: மிக்ஸி, ஃபிரிட்ஜ், ஃபில்டர். கடைசியில் கிரைண்டர். அதைப் பிடுங்கினதும் அசையாமல் நின்றது.

"இது ஷாக் அடிக்குமா அத்தை?"

"எப்பயாச்சும் சுருக்குங்கும். அதுக்குத்தானே பலகை போட்டு நிக்கறேன்."

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, சின்னவன் காலேஜ் சேர்ந்ததிலிருந்து என்றார். அவனுக்கு இப்போது நாற்பது.

கிரைண்டரை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு இவர் மழையிலேயே கிளம்பினார். "உன் கீரைக்கு வச்ச பொட்டி, என் கிரைண்டரக் குத்தம் சொல்லுதா" என்று அத்தைக்கு இன்னும் கோபம் தணியவில்லை. இன்றைக்குக் கடை மாவுதான். தோசை வரவே இல்லை, ஒட்டிக்கொண்டது.