கத்தோலிக்கப் பங்குப் (parish) பள்ளிக்கு நூற்றாண்டு மலர் போடுகிறீர்களா?

முதலில் அடிக்கல்லை நம்பாதீர்கள். அது கட்டடத்தின் தேதி. பள்ளி அதற்கு முன்பே கோயில் தாழ்வாரத்திலோ ஓலைக்கொட்டகையிலோ நடந்திருக்கும். அங்கீகாரம், மானியம் கிடைத்த வருடம் வேறு, தரம் உயர்ந்த வருடம் வேறு. எது தொடக்கம் என்று முடிவுசெய்யாமல் நோட்டீஸ் அடித்தால் விழா மேடையிலேயே சண்டை வரும்.

சேர்க்கைப் பதிவேட்டில் முதல் பக்கத்தின் முதல் எண்ணைப் பாருங்கள். 1-இல் தொடங்காமல் 212 என்று இருந்தால் முந்தைய புத்தகம் எங்கோ கிடக்கிறது. பழைய கிராமப் பங்குகளில் பல இடத்தில் உபதேசியார்தான் (மறைக்கல்வி சொல்லித்தருபவர்) வாத்தியார். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானத்தந்தையாக (godfather) அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பக்கங்கள் லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், இருபது சொல் தெரிந்தால் போதும்.

அடுத்து மறைமாவட்டம், அதாவது ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி. மதுரை 1938-இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்தது. தஞ்சாவூர் 1952-இல் உருவானது. அதற்கு முந்தைய கடிதங்களைத் தாய் மறைமாவட்டத்தில் தேடுங்கள். சேசு சபையார் (Jesuits) நடத்திய பங்கு என்றால் கொடைக்கானல் அருகே செண்பகனூரில் உள்ள அவர்களின் ஆவணக்காப்பகம். பெண்கள் பள்ளியின் கதை பெரும்பாலும் கன்னியர் மடத்துக் குறிப்பேட்டில்தான் இருக்கும், இதை மலர்க்குழுக்கள் மறந்தே போகின்றன.

பதிவேட்டை ஃப்ளாஷ் இல்லாமல் படமெடுங்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது.